சுரங்கத்து மழைநீர்

ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடலூர் மாவட்டத்து உழவர்கள் வானத்தை நோக்கி மகிழ்வர். ஏரிகள் நிரம்பும், கிணறுகளில் ஊற்றுப் பெருகும், சம்பா நடவு தழைக்கும். அதே வானத்தை, அதே மாவட்டத்தில், கவலையோடு நோக்குவாரும் உளர். அவர்கள் நெய்வேலிச் சுரங்கங்களில் பணிபுரிவோர். பல சதுரக் கிலோமீட்டர் பரப்பில் வெட்டப்பட்ட பெருங்குழிகளில் அவர்கள் வேலை செய்கின்றனர். குழிக்குக் கூரை இல்லை. அதில் பெய்யும் மழை அதன் அடியையே தேடிச் செல்லும். அவ்வாறு சேர்ந்த நீரை அங்கேயே விட்டுவைக்க இயலாது. அப்படியே வெளியே இறைத்துக் கொட்டவும் ஆகாது. ஏனெனில், அது தெளிந்த நீர் அன்று. மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்த சேற்றுநீர். அந்நீர் சென்று சேரும் இடத்திலும் ஏரி உண்டு, வயல் உண்டு, உழவர் உளர்.

நிலத்தடியில் புதைந்துள்ள நிலக்கரியை எடுக்க இருவகை முறைகள் உண்டு. கரி மிக ஆழத்தில் இருப்பின், கிணறுபோல் இறங்கிப் பக்கவாட்டில் குடைந்து சென்று எடுப்பர். ஆழம் குறைவாயின், மேலே மூடியுள்ள மண்ணை முழுவதும் அகற்றிவிட்டுக் கரியை வெளிப்பட வெட்டி எடுப்பர். பின்னதைத் திறந்தவெளிச் சுரங்கம் என்பர். நெய்வேலிச் சுரங்கங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதே அவ்வூர் வரலாற்றின் தொடக்கம் என்பர். 1940-களில் நிலவியல் அறிஞர்கள் துளையிட்டு ஆராய்ந்து, பழுப்பு நிலக்கரி அங்குப் பரந்து கிடப்பதை உறுதி செய்தனர். 1956-ஆம் ஆண்டில் அரசு நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆயினும், கரி கண்ணுக்குத் தென்பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணை அகற்றுவதிலேயே கழிந்தன. ஒரு டன் கரி எடுப்பதற்கு ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணைப் பெயர்க்க வேண்டியுள்ளது. எனவே, அது கரிச்சுரங்கம் எனப்படினும், அங்கு நடைபெறுவதில் பெரும்பகுதி மண்வேலையே. இதனை மனத்திற்கொண்டால் மழைநீரின் சிக்கல் எளிதில் விளங்கும்.

நெய்வேலிக்கு நீரால் வரும் இடர் கீழிருந்தும் வருகிறது, மேலிருந்தும் வருகிறது. கரிப்படுகைக்கு அடியில் உள்ள மணற்படுகை நீர் நிறைந்தது. அந்நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் ஒன்று தரும் அழுத்தத்திற்கு இஃது ஒப்பாகும். மேல்மண்ணை அகற்றியதும் கரிப்படுகையை அழுத்திப் பிடித்திருக்கும் பாரம் குறைந்துவிடும்; கீழ்நீர் பீறிட்டெழுந்து குழியை மூழ்கடித்துவிடும். இதனைத் தடுக்க ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் ஓயாது நீரை இறைக்கின்றனர். இந்நீர் மணலால் வடிகட்டப்பெற்ற தெளிந்த நீர். அனல்மின் நிலையங்களுக்கும் நகர மக்களுக்கும் அது பயன்படுகிறது. இறைக்கும் அளவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளவும் முடியும். மேலிருந்து விழும் நீரோ இவ்வளவு பணிவுடையது அன்று.

அப்பகுதியில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் பெய்துவிடுகிறது. அம்மூன்று திங்களிலும் சில நாள்களே பெருமழை நாள்கள். ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் எவ்வளவு? ஓர் இலட்சம் கனமீட்டர். அஃதாவது, 10 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் அதனை ஏற்றினால் பத்தாயிரம் லாரிகள் வேண்டும். காடாக இருக்கும் நிலத்தில் இதில் பெரும்பகுதி இலைகளிலும் சருகுகளிலும் தங்கி, மெல்ல மண்ணுள் இறங்கிவிடும். சுரங்கத்திலோ புல்லும் இல்லை, புதரும் இல்லை. பாரமான பொறிகள் ஏறி இறங்கி இறுகிய களிமண் நீரை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் விழுந்தவாறே ஓடத் தொடங்கும்.

இதனால் வெளியே பெய்த மழை குழிக்குள் வரலாகாது என்பது சுரங்கத்தார் கொண்டுள்ள முதல் விதி. குழியின் விளிம்பிற்கு அப்பால், மாலை சூட்டினாற்போல் அதனைச் சுற்றிச் செல்லும் வாய்க்கால் ஒன்றை வெட்டுகின்றனர். வெட்டிய மண்ணைக் குழியின் பக்கமாகக் கரையிட்டு உயர்த்துகின்றனர். மேட்டு நிலத்திலிருந்து ஓடிவரும் நீர் இவ்வாய்க்காலில் விழுந்து, குழியைத் தீண்டாமல் இயற்கை ஓடையைச் சென்றடைகிறது. இதன் பயன் இறைக்கும் செலவு குறைவது மட்டும் அன்று. ஒரு குடம் தெளிந்த நீரையும் ஒரு குடம் சேற்றுநீரையும் கலந்தால் கிடைப்பது இரண்டு குடம் சேற்றுநீரே. ஆதலால், தெளிந்த நீரைத் தனியே போக்கிவிடுவதுதான் சேற்றைக் குறைக்கும் வழிகளுள் மலிவானதும் சிறந்ததும் ஆகும்.

ஆனால், சுரங்கம் ஓரிடத்தில் நிற்பது அன்று. ஒரு பக்கம் வெட்டிக்கொண்டும், மறுபக்கம் மண்ணை நிரப்பிக்கொண்டும் ஆண்டுதோறும் நகர்ந்து செல்வது. அஃது நகருந்தோறும் சுற்றுவாய்க்காலும் நகர வேண்டும். சில வேளைகளில் ஆற்றின் போக்கையே மாற்ற வேண்டி நேர்கிறது. நெய்வேலிப் பகுதியின் மழைநீரைக் கடல்நோக்கிக் கொண்டுசெல்லும் பரவனாற்றுக்கு அந்நிலை ஏற்பட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெற்பயிர் நின்றிருந்த வயல்களில் பொறிகளை இறக்கி மாற்று வாய்க்கால் வெட்டியபோது உழவர்கள் கொதித்தெழுந்தனர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் ஈடு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. வரைபடத்தில் ஒரு நீலக் கோடாகத் தோன்றும் வாய்க்கால், நிலத்தில் ஒருவருடைய வயலாக இருக்கிறது.

இனிக் குழிக்குள் பெய்யும் மழையைக் காண வேண்டும். சுரங்கத்தின் பக்கங்கள் செங்குத்தான சுவர்கள் அல்ல. மாடிப்படிகளைப்போல் படிப்படியாக வெட்டப்பட்டவை. ஒவ்வொரு படியும் ஓர் அகன்ற சாலையைப் போன்றது. வாளிகள் பொருந்திய பெருஞ்சக்கரத்தைச் சுழற்றி மண்ணை வெட்டும் பொறிகள் இப்படிகளின்மீதே நிற்கின்றன. படியின் தளம் வெளிவிளிம்பை நோக்கிச் சரிந்திருந்தால், நீர் விளிம்பில் வழிந்து, கீழ்ப்படியின் சரிவை அரித்துக்கொண்டு விழும். ஆகவே, தளத்தை உட்புறமாகச் சற்றே சாய்த்து அமைக்கின்றனர். உட்பக்கத்தில் ஓடும் சிறு வாய்க்கால் நீரைத் திரட்டி, கல் பாவிய இறக்கத்தின் வழியே அடுத்த படிக்குக் கொண்டுசெல்கிறது. சிறு சாய்வுதான்; ஆனால், மழை வந்ததும் அதன் அருமை தெரியும். நனைந்த களிமண் பொறியின் வாளிகளில் அப்பிக்கொண்டு உதிர மறுக்கும்; நீர் தேங்கிய படியில் பொறி புதையும்; ஊறிய சரிவு இடிந்து விழும்.

மண் எவ்வாறு நீரில் கலக்கிறது? ஓடும் நீர் அரிப்பதற்கு முன்னரே, விழும் துளி இடிக்கிறது. பெருந்துளி ஒன்று நிலத்தை அடையும்போது நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மூடாக்கற்ற மண்ணில் அது சிறு வெடிபோல் தாக்கி, மண்கட்டியை உடைத்துத் துகள்களைத் தெறிக்கச் செய்கிறது. தெறித்த துகள்களை ஓடும் நீர் வாரிக்கொள்கிறது. நீரின் வேகம் மிகுந்தால் அதன் வலிமை அளவுகடந்து பெருகும். வேகம் இருமடங்கானால், நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் எனக் கணக்கிட்டுள்ளனர். இதனால்தான் நெடிய சரிவுகளை இடையிடையே படிகளால் முறிக்கின்றனர். வாய்க்கால்களின் குறுக்கே கற்களைக் குவித்துச் சிறு தடுப்புகள் அமைக்கின்றனர். வேகம் தணிந்த நீர் தான் சுமந்துவந்த மணலை அங்கேயே இறக்கிவிடுகிறது.

இவ்வாறெல்லாம் செய்த பின்னரும் மிஞ்சும் நீர் குழியின் மிகத் தாழ்ந்த மூலையில் வெட்டிய சேகரக் குழியை வந்தடைகிறது. அங்கு மிதவைகளின்மேல் அமைந்த இறைப்பொறிகள் நீரை மேலேற்றுகின்றன. நீர்மட்டம் உயர்ந்தால் பொறியும் உயரும், தாழ்ந்தால் தாழும். மேலே வந்த சேற்றுநீர் ஓடையைச் சேருமுன் தெளிகுளங்களைக் கடந்து செல்ல வேண்டும்.

தெளிகுளத்தின் தத்துவம் எளியது. கலங்கிய நீரைக் குடத்தில் அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும். இதனை அறியாத வீடு இல்லை. ஆனால், எவ்வளவு நேரத்தில் படியும் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஒரு நிமிடமும் ஆவதில்லை. 0.02 மில்லிமீட்டர் பருமனுள்ள வண்டல்துகள் அதே ஆழத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 0.002 மில்லிமீட்டர் பருமனுள்ள களிமண்துகளுக்கோ மூன்று நாள்களுக்கு மேல் வேண்டும். பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இதிலிருந்து வியப்பான முடிவு ஒன்று பிறக்கிறது. குளம் ஆழமாயிருந்தால் மண் நன்றாகப் படியும் என்றுதான் எவரும் நினைப்பர். உண்மை அதுவன்று. ஆழம் மிகுந்தால் நீர் குளத்தில் தங்கும் நேரம் நீளும் என்பது மெய்யே. ஆனால், துகள் இறங்க வேண்டிய தொலைவும் அதே அளவு நீண்டுவிடுகிறது. ஆதலால், எத்தகைய துகள் படியும் என்பதைக் குளத்தின் பரப்பே முடிவு செய்கிறது. நொடிக்கு ஒரு கனமீட்டர் நீர் வருவதாகக் கொள்வோர் கணக்கிட்டால், மேலே கூறிய வண்டலைப் படியவைக்க முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பரப்புப் போதும். களிமண்ணைப் படியவைக்கவோ ஏறத்தாழ 70 ஏக்கர் வேண்டும்! இவ்வளவும் நீர் குளம் முழுவதும் பரவி, அமைதியாகச் செல்லும்போதுதான். வரத்துக்காலும் போக்குக்காலும் அருகருகே இருந்தால், நீர் குறுக்குவழியில் ஓடிவிடும். எஞ்சிய குளம் வீணே கிடக்கும். எனவே, இரண்டையும் எதிரெதிர் முனைகளில் அமைப்பதும், இடையே தடுப்புச் சுவர்களால் நீரை வளைந்து செல்லச் செய்வதும், ஏரியின் கலிங்கில் வழிவதுபோல் அகன்ற விளிம்பின்மீது மெல்லிய படலமாக நீரை வெளியேற்றுவதும் வழக்கம்.

மிக நுண்ணிய களிமண் இவற்றுக்கெல்லாம் அடங்குவதில்லை. அத்துகள்கள் யாவும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதந்தவாறே இருக்கும். படிகாரத்தைக் கரைத்துவிட்டால் அதன் நேர்மின்னூட்டம் அவ்விலக்கத்தை ஒழிக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனம் பெற்று, அடியில் இறங்குகின்றன. நம் முன்னோர் இதனை வேறொரு வடிவில் அறிந்திருந்தனர். ஆற்றுநீர் கலங்கி வரும் நாள்களில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்ப்பது பழைய வீட்டுவழக்கம். கொட்டையிலுள்ள பசைப்பொருள் துகள்களைப் பிணைத்துத் திரட்டுகிறது. சிறிது பொழுதில் நீர் தேறிவிடுகிறது.

நம் நாட்டு விதிப்படி, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நீர்நிலைகளில் விடும் நீரில், ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள்கள் இருத்தலாகாது. இது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். முன்னர்க் கண்ட 10 கோடி லிட்டரும் இவ்விதிக்கு உட்பட்டே வெளியேறினாலும், அதனோடு செல்லும் மண் 10 டன். தெளியவைக்காமல், லிட்டருக்கு 5 கிராம் மண்ணோடு அதே நீரை விட்டுவிட்டால் செல்வது 500 டன்.

அம்மண் சென்று சேர்வதில் தீங்கு என்ன என்று கேட்கலாம். கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக ஏற்றி வயலுக்கு அடிப்பவர் நம் உழவர்தாமே! ஆனால், வண்டல் வேறு. சுரங்க மண் வேறு. ஏரி வண்டல் பல நிலங்களின் மேல்மண் கரைந்து வந்து சேர்ந்தது. இலைமக்கும் உயிர்ச்சத்தும் உடையது. சுரங்க மண்ணோ பல இலட்சம் ஆண்டுகளாகக் கதிரவன் ஒளி காணாமல் ஆழத்தில் கிடந்த மணலும் களிமண்ணும். அதில் வேர் ஓடியதில்லை, மக்கு இல்லை. அது வயலில் படிந்தால் நல்ல மண்ணை மூடிவிடும். ஏரியில் படிந்தால் கொள்ளளவைக் குறைத்துவிடும். பரவனாற்று நீரைப் பெறும் பெருமாள் ஏரி இவ்வாறு தூர்ந்துவருகிறது என்பது குறிஞ்சிப்பாடிப் பகுதி உழவர்களின் நெடுநாள் முறையீடு. ஏரி ஓரடி தூர்ந்தால் அந்த ஓரடி நீர் மாசித் திங்களில் இல்லாமற்போகும். கடைமடைப் பயிர் கதிர்விடும் காலத்தில் காயும்.

தெளிகுளங்களை எவ்வளவு பெரியனவாக அமைப்பினும், அவற்றை விஞ்சும் மழை என்றேனும் பெய்யத்தான் செய்யும். 2015 நவம்பர் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கும் மிகுந்த மழை கொட்டியது. கடலூர் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. இத்தகைய நாளில் சுரங்கத்தை நடத்துவோர்முன் கடினமான கேள்வி எழுகிறது. நீரை இறைத்து வெளியேற்றினால், ஏற்கெனவே கரைபுரளும் ஓடையில் மேலும் நீர் சேரும்; தாழ்ந்த ஊர்களில் வெள்ளம் ஏறும். இறைக்காமல் நிறுத்தினால், கீழ்ப்படிகள் மூழ்கும். கரி வெட்டுவது தடைப்படும். மின் நிலையத்திற்குக் கரி குறையும். கீழே வாழ்வோர் எப்பொழுதும் முன்னதையே அஞ்சுவர். அவர்கள் அச்சம் நியாயமானதே. மழை மிகுந்த சில நாள்களுக்குக் குழியின் அடிப்படியையே தேக்கமாகக் கொண்டு நீரை நிறுத்திவைத்து, ஓடையில் வெள்ளம் வடிந்தபின் சிறுகச் சிறுக வெளியேற்றுவது இரு தரப்புக்கும் ஏற்ற முறை. அதற்கு ஐப்பசிக்கு முன்பே பொறிகளையும் மின்கம்பிகளையும் மேற்படிகளுக்கு ஏற்றிவிட வேண்டும். கரியையும் போதிய அளவு வெட்டிக் குவித்துவைக்க வேண்டும். புதிய சுரங்கங்களுக்கு இசைவு அளிக்கும்போது, பல ஆண்டு மழைக் கணக்கில் கண்ட மிகப் பெரிய மழையை அடிப்படையாகக் கொண்டு, அதற்கும் மேல் பாதிப்பங்கு கூடுதலாகக் கொள்ளும்படி வாய்க்கால்களையும் சேகரக் குழிகளையும் அமைக்குமாறு நடுவண் அரசு நிபந்தனை விதிப்பது வழக்கம்.

வெட்டிய மண்ணைக் குவித்த மேடுகள் தனிக் கவனத்திற்கு உரியவை. இறுகாத மண் ஆதலால், குழியைவிட இவற்றிலிருந்தே மிகுதியாகச் சேறு இறங்கும். மேட்டின் அடியில் கல்லால் அணைசுவர் எழுப்புகின்றனர். சரிவில் தென்னைநார்ப் பாய் விரித்துப் புல் விதைக்கின்றனர். முதலில் தனியே எடுத்து வைத்த மேல்மண்ணை மேட்டின்மீது பரப்பி மரக்கன்றுகள் நடுகின்றனர். வெட்டிவேர் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் நேரே இறங்கி மண்ணைக் கட்டிப் பிடிக்கும். மேலே நெருங்கி வளரும் தாள்கள் வேலிபோல் நின்று, வரும் மண்ணைத் தடுத்துவிடும். மரங்கள் வேரூன்றும்வரை, முதல் இரண்டு மூன்று மழைக்காலங்களைக் கடப்பதே அரிது. ஓரிடத்தில் சிறு கீறலாகத் தொடங்கும் அரிப்பைக் கூடையளவு மண்ணால் அடைத்துவிடலாம்; ஒரு மழைக்காலம் கவனியாது விட்டால் அது ஆள் இறங்கும் பள்ளமாகிவிடும்.

சித்திரையிலும் வைகாசியிலும் தெளிகுளங்கள் வற்றும். அவற்றைத் தூர்வாரும் காலம் அது. சேறு நிறைந்த தெளிகுளம் பெயரளவில் குளமே தவிர, வரும் நீரை வந்தவாறே அனுப்பிவிடும். பெரிய சுரங்கங்களில் குளங்களை இணையாக அமைத்து, ஒன்று நீரைத் தெளியவைக்கும்போதே மற்றொன்றைத் தூர்வாருவதும் உண்டு. பண்டைத் தமிழர் ஏரிகளில் கட்டிய குமிழித் தூம்பில் நீர் செல்ல ஒரு துளையும், சேறு செல்ல அடியில் வேறொரு துளையும் இருந்தன. ஏரியின் சேற்றை நீரோடு வெளியேற்ற அவர்கள் கண்ட வழி அது. சுரங்கத்துச் சேற்றை அவ்வாறு கீழே உள்ள வயல்களுக்கு அனுப்ப இயலாது. வாரிய சேற்றைப் பொறிகள் அள்ளி, கரி எடுத்து முடிந்த பழங்குழியில் கொட்டி நிரப்புகின்றன. குளத்தின் கரையில் நட்டிருக்கும் அளவுகோல் மீண்டும் அடிவரை தெரியும்போது வேலை முடிந்ததாகக் கொண்டு, அடுத்த மழைக்காலத்திற்கு மதகை அடைக்கின்றனர்.